புட்போட் எல்ஈடி லைற் மாற்றுவது: வன்னியில் கெப், லொறி வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த லைற்றைப் பற்றிய பக்கம் இது?

கதவைத் திறந்தவுடன் கால் வைக்கும் இடத்தைக் காட்டுவதற்காகப் புட்போட்டின் அடியிலோ விளிம்பிலோ கொம்பனியே பூட்டி அனுப்பும் சின்ன எல்ஈடி லைற்றுகள். மேல்தர டபிள் கெப்புகளில் ஒரு பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு இருக்கும். சில லொறிகளில் சாரதி ஏறும் படிக்கு மேலே ஒன்று இருக்கும். இலங்கைக்கு வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்துவிடப்பட்டது. அதனால் இப்போது ஓடுகிற கெப்புகளில் பெரும்பகுதி வயது போனவை. இந்த லைற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு பக்கம் பத்துது, மற்றப் பக்கம் பத்தேல்லை. புது லைற் வாங்கவோ?

இன்னும் வாங்க வேண்டாம். முதலில் நல்ல பக்கத்து லைற்றைக் கழற்றி, பத்தாத பக்கத்துச் சொக்கற்றில் குத்திப் பாருங்கள். இடம் பொருந்தாவிட்டாலும் சொக்கற் பொருந்தினால் போதும், கையில் பிடித்தபடி பார்க்கலாம். பத்தினால் பழுது லைற்றில். பத்தாவிட்டால் வயரிலோ சொக்கற்றிலோ எர்த்திலோ (வாகனத்தின் இரும்போடு பிடித்திருக்கும் நெகற்றிவ் இணைப்பு). ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் லைற் வாங்கிப் பூட்டி, அதுவும் பத்தாமல் கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டு பக்கமும் ஒன்றாகப் போனால் லைற்றைத் தொடவே வேண்டாம். பியூஸ் பெட்டி மூடியில் ‘டோம்’ (கூரை லைற்) என்று எழுதியிருக்கும் பியூஸைப் பாருங்கள். கூரை லைற்றின் சுவிச் கதவோடு பத்தும் நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில வாகனங்களில் கூரை லைற்றை முழுதாக நிறுத்தி வைத்தால் படி லைற்றும் சேர்ந்து நின்றுவிடும்.

மீற்றர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ற் வருகுது, லைற் பத்தேல்லை. எப்படி?

லைற்றைக் குத்தாமல், அதாவது பாரம் இல்லாமல் அளந்திருக்கிறீர்கள். உள்ளே பச்சை பிடித்து ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரும் மீற்றருக்கு 12 காட்டும், ஏனென்றால் மீற்றர் கிட்டத்தட்டக் கரண்ட் எடுப்பதேயில்லை. லைற்றைக் குத்தியவுடன் அந்த ஒரு இழையால் கொடுக்க முடியாமல் வோல்ற் விழுந்துவிடும்.

ஆகவே லைற் குத்தியிருக்கும்போதே, சொக்கற்றின் பின்பக்கத்தால் மெல்லிய ஊசியை உள்ளே விட்டு அளக்க வேண்டும். மீற்றரை 20 வோல்ற் டிசியில் வையுங்கள். கறுப்பு முனையைப் பற்றறியின் நெகற்றிவ்வில் பிடித்து, சிவப்பு முனையை லைற்றின் எர்த் வயரில் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்குக் குறைவாக இருந்தால் எர்த் நல்லது. 1, 2 என்று ஏறினால் எர்த் பிடித்திருக்கும் போல்ற்றைத் தேடிக் கழற்றி, கறளைச் சுரண்டி, திரும்ப இறுக்குங்கள். பிறகு சிவப்பு முனையைப் பொசிற்றிவ் வயரில் வைத்தால் என்ஜின் நிறுத்தியிருக்கும்போது 12 முதல் 12.6 வரவேண்டும்.

5 முதல் 9 வரை ஏதோவொரு எண் நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வயர் பழுது. மற்றது, வாகனத்தின் பொடி கம்பியூட்டர் (கதவு, லைற் போன்றவற்றைக் கட்டுப்படுத்துவது) லைற்றைப் படிப்படியாக மங்கவைப்பதற்காகக் கரண்ட்டை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுப்பது. மீற்றர் அதன் சராசரியைக் காட்டும். நல்ல பக்கத்திலும் அதே எண் வந்தால் அது பழுதல்ல, அந்த வாகனத்தின் இயல்பு.

ஏன் வன்னிப் பக்கத்தில் இவ்வளவு கெதியில் போகுது?

தண்ணீர், உவர், புழுதி, கிடங்கு. இந்த வரிசையில்.

புட்போட் வாகனத்தின் மிகத் தாழ்ந்த இடம். முன்சில்லு வீசுவதெல்லாம் நேரே அங்கேதான் வரும். ஆடியில் சோளகம் வீசும்போது கிரவல் ரோட்டுப் புழுதி சொக்கற்றின் ரப்பர் வளையத்துக்குள் போய் இருந்துகொள்ளும். ஐப்பசிக்குப் பிறகு மாரி தொடங்க, அதே புழுதி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வட்டுவாகல் பக்கம், நந்திக்கடல் கரை, பூநகரி, ஆனையிறவு என்று ஓடுகிற வாகனங்களுக்கு இதோடு உவரும் சேர்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். 12 வோல்ற் எந்நேரமும் நிற்கிற பின்னும் எர்த் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, இடையில் உப்பு ஈரம் இருந்தால் பொசிற்றிவ் பின்தான் கரையும்.

அப்படிப் போன சொக்கற்றைத் திறந்தால் தெரியும்: எர்த் பின் அப்படியே இருக்கும், பொசிற்றிவ் பின் மட்டும் பச்சைத் தூளுக்குள் தையல் ஊசி போல மெலிந்து நிற்கும். தொட்டால் முறியும். அதைச் சுரண்டித் திரும்பக் குத்துவதில் பயனில்லை, சொக்கற்றையே மாற்றுங்கள்.

வயல் வரம்போரம் இறக்குகிற வாகனங்களுக்கு இன்னொன்று. சேறு புட்போட்டுக்கும் பொடிக்கும் இடையில் கட்டியாகக் காயும். வயரைப் பிடித்திருக்கும் கிளிப் அதன் பாரத்தில் கழன்றுவிடும். பிறகு வயர் பிராக்கெற்றின் கூரான விளிம்பில் உரஞ்சி உரஞ்சித் தோல் போய், பியூஸ் போகும். குலுங்கும்போது மட்டும் பியூஸ் போகிறதென்றால் அங்கேதான் தேட வேண்டும்.

லைற்றுக்குள் பனிபோலத் தண்ணீர் நிற்குது. திறந்து காயவைத்துத் திருத்தலாமோ?

பெரும்பாலானவை எப்பொக்சி ஊற்றி மூடியவை. திறக்க வெளிக்கிட்டால் உடையும். கண்ணாடி மட்டும் தனியாக ஒட்டிய வகையென்றால் வெந்நீரில் மெதுவாக்கித் திறக்கலாம். ஆனால் பலகையில் பச்சை ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். வெறும் ஆவியென்றால் வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, வெடிப்பைக் கண்டுபிடித்து அடைத்தால் ஒரு மாரி தாங்கலாம். எங்கள் எண்ணத்தில் அதற்கு மேல் அந்த லைற்றில் நேரம் செலவழிப்பது வீண்.

எதை வாங்குவது? கொம்பனிச் சாமானா, வெளிச்சாமானா, ஸ்ரிப்பா?

கொம்பனிச் சாமான் என்றால் வயர் வெட்டுக்கொத்து இல்லை. குத்தினால் சரி. ஆனால் பல வாகனங்களுக்குப் படி லைற் மட்டும் தனியாக வராது. வயர்த்தொகுதியோடு வரும், விலை கூடும். வவுனியா, கிளிநொச்சிக் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமானாகத் தேடலாம். கழற்றிய சாமான் வாங்கினால் லைற்றோடு 15 செ.மீ. வயரும் எதிர்ச் சொக்கற்றும் சேர்த்து வெட்டித் தரச்சொல்லிக் கேளுங்கள். லைற்றைவிடச் சில வேளை அந்தச் சொக்கற்தான் பெறுமதி.

வெளிச்சாமான் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை: ஐபி67 அல்லது ஐபி68 (தண்ணீர், புழுதி புகாத தரம்), 10–30 வோல்ற் என்ற குறிப்பு, அலுமினிய உடம்பு, குறைந்தது 20 செ.மீ. வயர். ஒரு லைற்றுக்கு 1 வற் தாராளம். படியைக் காட்டத்தானே, வயலை அல்ல. நிறத்தில் இளமஞ்சள் சாயல் உள்ள வெள்ளையை எடுங்கள். நீலச் சாயல் வெள்ளைக்குப் பூச்சி கூட வரும். இரவில் வயற்பக்கம் கதவைத் திறந்து வைத்து நெல் ஏற்றியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மலிவான ஒட்டுகிற எல்ஈடி ஸ்ரிப்பை (நாடா) புட்போட்டுக்குச் சிபாரிசு செய்யமாட்டோம். காரணம் கணக்கில் இருக்கிறது. வெள்ளை எல்ஈடி ஒன்று ஏறத்தாழ 3.2 வோல்ற் எடுக்கும். மூன்றைத் தொடராக வைத்தால் 9.6. மிச்சத்தை ஒரு ரெசிஸ்ரர் தாங்கும். கச்சிதமாக 12 வோல்ற்றுக்கென்று கணக்குப் போட்டு 120 ஓம் வைத்தால் 20 மில்லி அம்பியர் ஓடும். ஆனால் என்ஜின் ஓடும்போது வாகனத்தில் இருப்பது 14.4. மிச்சம் 4.8 வோல்ற், அதே 120 ஓமில் ஏறத்தாழ 40 மில்லி அம்பியர், இரண்டு மடங்கு. கதவைத் திறந்து நின்றபடி என்ஜினை ஓட்டினால் எல்ஈடி சுட்டு, நிறம் மாறி, மூன்று மூன்றாகச் சாகும். ஒன்று போனால் அதே தொடரில் இருக்கும் மூன்றும் அணைவதும் அதனால்தான். 10–30 வோல்ற் என்று போட்ட லைற்றுக்குள் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் இருக்கும், அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் டிரைவர் மலிவென்றால் லைற் பத்தும்போது எஃப்எம் இரையும். வாங்கியவுடன் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள்.

லொறிக்கும் இதே லைற் போடலாமோ?

முதலில் 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்று அளந்து பாருங்கள். இரண்டு பற்றறி இருப்பதால் மட்டும் 24 என்று முடிவு செய்ய முடியாது. பக்கத்திணைப்பாகக் (பொசிற்றிவ்வோடு பொசிற்றிவ், நெகற்றிவ்வோடு நெகற்றிவ்) கட்டியிருந்தால் 12தான். டிமோ பட்டா சின்ன லொறி 12 வோல்ற். பெரிய லொறிகள் பெரும்பாலும் 24, என்ஜின் ஓடும்போது 28க்கு மேல் வரும். அங்கே 12 வோல்ற் லைற்றைக் குத்தினால் ஒரு கணம் வெள்ளையாக மின்னிவிட்டுப் போகும்.

10–30 வோல்ற் லைற் போடலாம், அல்லது 24ஐ 12ஆகக் குறைக்கும் கொன்வேட்டர் ஒன்றை (3 அம்பியர் போதும்) இடையில் வைக்கலாம். இரண்டு பற்றறியில் ஒன்றில் மட்டும் வயர் எடுத்து 12 வோல்ற் ஓட்டுவதுதான் செய்யக்கூடாத வேலை. பலர் செய்கிறார்கள். அந்தப் பற்றறி எப்போதும் குறைவாகச் சார்ஜ் ஏறி நிற்கும், மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். லைற்றுக்காக இரண்டு பற்றறியை இழப்பது.

மாற்ற என்னென்ன வேணும்?

10, 12 இலக்கச் சொக்கற் சாவிகள், கிளிப் கிளப்பப் பிளாஸ்ரிக் தட்டு (பழைய பல்துலக்கிப் பிடியைச் சீவினாலும் சரி), மீற்றர், சோல்டர் இரும்பு, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் 3 மற்றும் 6 மி.மீ. பருமனில், 0.75 சதுர மி.மீ. வயர் 5 மீற்றர், அதைப் போர்த்த நெளி குழாய், 2 பின் நீர்புகாச் சொக்கற் ஒரு லைற்றுக்கு ஒரு சோடி, டயலெக்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிறீஸ், கேபிள் ரை ஒரு பிடி. சாதாரணச் சுருங்கு குழாய் வாங்காதீர்கள். பசை இல்லாதது தண்ணீரை மறிக்காது, மறைக்கத்தான் செய்யும்.

எப்படிக் கழற்றிப் பூட்டுவது?

வாகனத்தை மட்டமான தரையில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வையுங்கள். புட்போட் உயரத்துக்குக் கைவிட இடம் போதும். ஜக்கில் தூக்கினால் தாங்கி வைக்காமல் கீழே தலை போடக்கூடாது. பற்றறியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள். மணிக்கூடும், சில வாகனங்களில் தானாக ஏறும் கண்ணாடியும் திரும்பப் பழக்க வேண்டி வரும், பயப்பட வேண்டாம்.

புட்போட்டின் அடியைக் கழுவிக் காயவிட்டுத் தொடங்குங்கள். சேற்றோடு கழற்றினால் அது நேரே சொக்கற்றுக்குள் விழும். லைற் இரண்டு திருகாணியிலோ இரண்டு கிளிப்பிலோ நிற்கும். கிளிப் என்றால் வயர் இல்லாத பக்கத்தை முதலில் கிளப்புங்கள். பத்து வருடம் வெயிலில் நின்ற பிளாஸ்ரிக் குளிர்ந்த காலையில் சடாரென்று முறியும், நடுப்பகலில் வளைந்து கொடுக்கும். கறள் பிடித்த திருகாணிக்கு ஊடுருவும் எண்ணெய் அடித்து 20 நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டுத் தலையை உருட்டினால் பிறகு துளைபோடத்தான் வேண்டும்.

சொக்கற்றின் நாக்கை அமத்திக்கொண்டு உடம்பைப் பிடித்து இழுங்கள், வயரில் இழுக்காதீர்கள். வராவிட்டால் நாக்கின் கீழ் மண் இறுகியிருக்கிறது. தண்ணீர் விட்டுத் தூரிகையால் கழுவினால் வரும்.

புதுச் சொக்கற் போடுகிறீர்களென்றால் பழைய வயரைச் சொக்கற்றோடு ஒட்ட வெட்டாமல் 5 செ.மீ. விட்டு வெட்டுங்கள், நாளைக்குத் திரும்பத் தேவைப்படலாம். தோலை உரித்தால் செம்பு பளபளக்க வேண்டும். கறுத்திருந்தால் இன்னும் பின்னுக்கு வெட்டுங்கள். கறுத்த செம்பில் சோல்டர் ஒட்டாது, ஒட்டினது போல் நடிக்கும். சுருங்கு குழாயை வயருக்குள் முதலில் போட்டுவிட்டுப் பிறகு சோல்டர் பிடியுங்கள் (இதை மறக்காதவர் யாருமில்லை). இரண்டு வயரின் மூட்டும் ஒரே இடத்தில் வராமல் 3 செ.மீ. முன்பின்னாக வையுங்கள். குழாயைச் சூடாக்கும்போது இரு முனையிலும் பசை பிதுங்கி வரவேண்டும், அதுதான் அடைபட்டதற்கு அடையாளம்.

எது பொசிற்றிவ் என்பதை வயர் நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு எர்த். வேறு வாகனத்தில் அதே நிறம் வேறு வேலை செய்யும். அளந்து பார்த்துக் குறியுங்கள். மாறிக் குத்தினால் பெரும்பாலும் பத்தாது, அவ்வளவுதான். திருப்பிக் குத்தினால் சரி.

பூட்டும்போது வயர் லைற்றுக்கு வருமுன் ஒரு முறை கீழே தொய்ந்து பிறகு மேலேறிச் சேர வேண்டும். தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டி விழும், லைற்றுக்குள் ஓடாது. சொக்கற்றின் வாய் மேல்நோக்கி நின்றால் அது கிண்ணம். பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ கட்டுங்கள். சைலன்சர் குழாய் போகும் பக்கத்தில் வயரை ஒரு சாணுக்குக் கிட்ட விடாதீர்கள். புட்போட்டை முழுதாக இறுக்குமுன் பற்றறியை இணைத்துக் கதவைத் திறந்து பாருங்கள்.

சிலிக்கன் பூசினால் தண்ணீர் போகாதுதானே?

வினாகிரி மணக்கிற சிலிக்கன் காயும்போது அமிலம் விடும், செம்பை அதுவே தின்னும். ‘நியூற்றல்’ என்று போட்டதை வாங்குங்கள். சொக்கற்றுக்குள் எதையும் அடைக்காதீர்கள். ரப்பர் வளையத்தில் மெல்லிய கிறீஸ் போதும். லைற்றைச் சுற்றி நான்கு பக்கமும் பூசி மூடினால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும். கீழ்ப்பக்கம் திறந்திருக்கட்டும்.

பழைய கெப், கொம்பனி லைற்றே இல்லை. புதிதாக எப்படி வயர் கொடுப்பது?

பழைய வாகனங்களில் கதவுச் சுவிச் எர்த்தைத்தான் கொடுக்கும். நான்கு பின் ரிலே ஒன்று எடுங்கள். பற்றறி பொசிற்றிவ்விலிருந்து 3 அம்பியர் பியூஸ், பற்றறிக்கு ஒரு சாணுக்குள். பியூஸிலிருந்து ரிலேயின் 30, 86 இலக்கப் பின்களுக்கு. 85 கதவுச் சுவிச் வயருக்கு. 87 லைற்றுகளின் பொசிற்றிவ்வுக்கு. லைற்றின் மற்ற வயர் சசியில் (வாகனத்தின் இரும்புச் சட்டத்தில்) நல்ல எர்த்துக்கு. ரிலே உள்ளே டயோட் உள்ளதாக இருக்கட்டும்; இல்லாவிட்டால் ரிலே விடும்போது எழும் உதைப்பு கதவுச் சுவிச்சின் பின்னால் இருக்கிற மின்னணுவைப் பழுதாக்கலாம்.

பொடி கம்பியூட்டர் உள்ள புதிய வாகனத்தில் இந்த வழி வேண்டாம். வெட்டி வெட்டி வரும் கரண்ட்டில் ரிலே கிரிகிரியென்று அடிக்கும். அங்கே வாகன மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

மாற்றியபின் கதவை மூடினாலும் மெல்லிய வெளிச்சம் நிற்குது.

கம்பியூட்டர் ‘லைற் இருக்கிறதா’ என்று பார்க்க அனுப்பும் சிறு கரண்ட் பழைய பல்ப்பை எழுப்பாது, எல்ஈடியை எழுப்பும். லைற்றுக்குப் பக்கத்திணைப்பாக 1 கிலோ ஓம், அரை வற் ரெசிஸ்ரர் வையுங்கள். 14 வோல்ற்றில் ஏறத்தாழ 0.2 வற் சூடாகும், அதனால் கால் வற் சின்னதை வைக்காதீர்கள். 24 வோல்ற் லொறிக்கு 2.2 கிலோ ஓம், அரை வற்.

பற்றறி இறங்குமோ?

நான்கு லைற், ஒவ்வொன்றும் 0.1 அம்பியர் என்றால் மொத்தம் 0.4. ஓரிரவு 12 மணித்தியாலம் கதவு சரியாக மூடாமல் கிடந்தால் 4.8 அம்பியர் மணி. 65 அம்பியர் மணிப் பற்றறிக்கு அது பெரிதில்லை. மூன்று நாள் அப்படியே கிடந்தால் 29 அளவில் போய்விடும், பழைய பற்றறி ஸ்ராட் எடுக்காது. கொம்பனி வயரில் நின்றால் பெரும்பாலும் வாகனமே சிறிது நேரத்தில் வெட்டிவிடும். தனி ரிலே போட்டவர்கள் கதவை மூடியதைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

சிவப்பு, நீலம், மினுங்குகிற லைற் போடலாமோ?

நீலமும் சிவப்பும் மினுங்கினால் பொலிஸ், அம்புலன்ஸ் என்று எதிரே வருபவர் தடுமாறுவார். ஏ9 இல் இரவில் அது விளையாட்டல்ல. வெள்ளை, கதவு திறந்தால் மட்டும் பத்துவது, அதோடு நிறுத்துங்கள்.

சேர்விஸ் ஸ்ரேசனில் கழுவியபின் திரும்பப் போயிட்டுது. ஐபி67 என்றுதானே போட்டிருந்தது?

ஐபி67 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் அசையாமல் கிடந்தால் தாங்கும் என்று அர்த்தம். வெள்ளம் ஏறிய ரோட்டைக் கடக்க அது உதவும். பிரஷர் கண்ணை ஒரு சாண் தூரத்தில் பிடித்து அடிப்பதற்கு அந்த எண் உத்தரவாதமில்லை, அதற்கு ஐபி69கே என்று வேறு தரம் இருக்கிறது. கழுவுகிறவரிடம் புட்போட்டின் அடியை ஒரு மீற்றர் தள்ளி நின்று, நேரே குத்தாமல் சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள். வயலால் வந்த சேற்றுக்கு அது போதாதென்றால் அன்றைக்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் தூரிகையும்தான். இப்போது போனதை உடனே கழற்றிச் சொக்கற்றைத் திறந்து, காற்றடித்துக் காயவிட்டால் லைற் திரும்ப வர இடமுண்டு. ஒரு கிழமை விட்டால் பச்சை பிடித்துவிடும்.